கணக்குக்கும் பந்தி உண்டு

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஹில்ஸ்பெர்க்ஸ் என்று ஒரு காபிக் கடை இருந்தது. 1960-களின் தொடக்கத்தில், வகுப்பு முடிந்ததும் கணிதத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பையன்கள் தங்கள் பேராசிரியரோடு அங்கே போய் உட்காருவார்கள். ஆளுக்கொரு காபியை வைத்துக்கொண்டு, வகுப்பில் விட்ட இடத்திலிருந்து கணக்குப் பேச்சு தொடரும். விவியன் மலோன் மேய்ஸ் மட்டும் போகமாட்டார். போக முடியாது. அந்தக் கடையில் கருப்பினத்தவருக்குக் காபி கொடுக்கமாட்டார்கள்.

அவர் சேர்ந்த முதல் வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். அவர் ஒருவர்தான் கருப்பினத்தவர். பக்கத்தில் போனால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஊரறிந்த கணித ஆசிரியரான ஆர்.எல்.மூர் தன் வகுப்பில் அவரைச் சேர்த்துக்கொள்ளவே மறுத்தார். சக மாணவர்களுக்குக் கிடைத்த உதவி ஆசிரியர் வேலையும் அவருக்குக் கிடைக்கவில்லை. புத்தகம் இருந்தது, நூலகம் இருந்தது, சட்டத்தின் பலத்தில் கிடைத்த சேர்க்கையும் இருந்தது. பந்தியில்தான் இடம் இல்லை. 1966-இல் முனைவர் பட்டத்தை வாங்கிக்கொண்டுதான் அங்கிருந்து புறப்பட்டார்.

இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்கு என் கல்லூரி விடுதியின் கேட் நினைவுக்கு வந்தது. நான் பி.எஸ்ஸி. கணிதம் படித்த காலத்தில் மாலை ஆறரைக்கு அதைப் பூட்டிவிடுவார்கள். எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை. ஏழு மணிக்கு மேல் எங்கள் வகுப்புப் பையன்கள் அந்த பெஞ்சில்தான் கூடுவார்கள். சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். மறுநாள் காலையில் அவர்களுக்குத் தெரிந்திருந்தது எங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்களுக்கு மூளை கம்மி என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம். மாடிப்படியில் உட்கார்த்திவைத்து எனக்கு எல்லைக் கணக்குகளைப் புரியவைத்த எம்.எஸ்ஸி. அக்கா ஒருவர் இல்லாமல் போயிருந்தால் நான் இரண்டாம் வருடத்தைத் தாண்டியிருக்கமாட்டேன். ஆஸ்டினில் நடந்த கொடுமையோடு இதை ஒப்பிட முடியாது. ஆனால் கணக்கு எங்கே கைமாறுகிறது என்பதை அந்த டீக்கடை எனக்குக் காட்டிவிட்டது.

கணக்கு தனியாக உட்கார்ந்து போடுவது என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் கூடிப் பேசித்தான் கற்கிறார்கள். ஒரு தேற்றத்தின் நிரூபணம் புத்தகத்தில் இருக்கும்; அந்த நிரூபணம் யாருக்கு ஏன் அப்படித் தோன்றியது, எந்த வழியில் போனால் முட்டிக்கொள்ளும், எந்தத் தேர்வை எந்த வருடம் எழுதுவது நல்லது, எந்தப் பேராசிரியரிடம் சேர்ந்தால் ஆறு வருடத்தில் வெளியே வரலாம் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அது வாய்வழியாக, தேநீரோடும் சாப்பாட்டோடும் நடந்துபோகும்போதும் போய்ச் சேர்கிற அறிவு. கணிதத்திலும் கணினி அறிவியலிலும் பெண்களுக்கு இல்லாமல் போனது அதுதான். அதை வேண்டுமென்றே உருவாக்கித் தர முடியுமா என்று சில பெண்கள் முயன்று பார்த்தார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

மேற்கத்தியப் பல்கலைக்கழகங்கள் சொல்கிற ‘மென்டார்’ என்ற வார்த்தைக்கு நாம் ‘வழிகாட்டி’ என்று எழுதுகிறோம். நம் பல்கலைக்கழகங்களில் அது ‘கைடு’ ஆகி, ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுகிறவரைக் குறிக்கிறது. நான் சொல்ல வருவது வேறொருவரை. இருட்டில் ஊருக்குப் போகிறவளுக்கு எல்லை வரை கூட வருகிறவரை நம் கிராமங்களில் வழித்துணை என்பார்கள். அந்த வார்த்தைதான் இங்கே பொருந்துகிறது.

பிரின்ஸ்டனில் இருக்கிற உயர் ஆய்வு நிறுவனத்துக்கு, ஐன்ஸ்டைன் வேலை பார்த்த அதே இடத்துக்கு, 1934-35-இல் வாரம் ஒருமுறை ஒரு பெண் ரயிலேறி வந்து பாடம் நடத்திவிட்டுப் போனார். எமி நோத்தர். நவீன இயற்கணிதத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர். ஜெர்மனியின் கோட்டிங்கனில் அவருடைய வகுப்புகள் ஆரம்பத்தில் அங்கே பேராசிரியராக இருந்த ஹில்பர்ட்டின் பெயரில்தான் அறிவிக்கப்பட்டன. பெண் என்பதால் பல்கலைக்கழகம் உரிமை தரவில்லை, சம்பளமும் இல்லை. யூதர் என்பதால் 1933-இல் ஹிட்லர் அரசு அவரை வெளியேற்றியபோது, பென்சில்வேனியாவில் பெண்களுக்கான பிரின் மார் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. உயர் ஆய்வு நிறுவனத்துக்குப் பக்கத்திலேயே இருந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அப்போது பெண்களை மாணவியாகக்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த ரயில் பயணங்களில் கூடப் போனவர் ஓல்கா டௌஸ்கி என்ற இளம் கணிதவியலாளர். நோத்தர் எந்தத் திட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. கோட்டிங்கனில் மாணவர்களைத் தன் வீட்டுக்கே அழைத்துச் சாப்பாடு போட்டுக் கணக்குப் பேசியவர், அமெரிக்காவிலும் அதையே தொடர்ந்தார். 1935 ஏப்ரலில், ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, 53 வயதில் இறந்துபோனார். அவருடைய அஸ்தி பிரின் மாரில் நூலகத்தை ஒட்டிய முற்றத்தில் இருக்கிறது.

உலகக் கணிதவியலாளர் மாநாட்டின் பேரவையில் உரை நிகழ்த்திய முதல் பெண் நோத்தர், 1932, சூரிச். இரண்டாவது பெண்ணுக்கு அந்த மேடை கிடைக்க 1990 வரை, 58 வருடம் ஆயிற்று. கியோட்டோவில் பேசிய அந்த இரண்டாமவர் கேரன் உலன்பெக்.

1942-இல் ஓஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். சோப்புத் தண்ணீரில் கம்பி வளையத்தைத் தோய்த்து எடுத்தால் ஒரு மெல்லிய படலம் நிற்குமே, அது தன்னால் முடிந்தமட்டும் பரப்பைச் சுருக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட வடிவங்களைப் பற்றிய கணக்கில், ஆற்றல் சில புள்ளிகளில் மட்டும் குவிந்து குமிழியாகப் பிரிந்து போவதை ஜொனாதன் சாக்ஸுடன் சேர்ந்து கண்டுபிடித்தார். இன்று வடிவியலிலும் துகள் இயற்பியலின் கணிதத்திலும் அது அடிப்படைக் கருவி. இவ்வளவு பெரிய மூளைக்கு வேலை தேடிய காலத்தில் கிடைத்த பதில், பெண்கள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டியவர்கள் என்பது. கணவர் ஓல்கே உயிர் இயற்பியலாளர். பெரிய பல்கலைக்கழகங்கள் அவரை மட்டும் அழைத்தன. அவற்றை விட்டுவிட்டு, இருவருக்கும் வேலை தந்த இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு 1971-இல் அவர்கள் போனார்கள்.

உலன்பெக் ஆரம்பத்தில் பெண்களுக்காக எதையும் செய்ய நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த விஷயம். தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1970-களில் சட்டத் தடைகள் விலகியதும் அடுத்த தலைமுறைப் பெண்கள் தாமாகவே உள்ளே வந்து நிரம்பிவிடுவார்கள் என்று அவர் நம்பினார். வரவில்லை. கதவைத் திறந்துவைத்தால் போதாது என்று அவருக்குப் புரிந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். அதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அப்போது அவர் வேலை பார்த்த இடம் எது தெரியுமா? ஆஸ்டின். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அதே கணிதத் துறை. மலோன் மேய்ஸைக் காபிக் கடைக்கு வெளியே நிறுத்திய துறை. அந்தத் துறை இருந்த பெரிய கட்டடத்துக்கு ஆர்.எல்.மூரின் பெயரே சூட்டப்பட்டிருந்தது. 2020-இல்தான் அந்தப் பெயரை எடுத்தார்கள்.

உலன்பெக்கும், தைவானில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரான சூ-லியான் டெர்ங்கும் சேர்ந்து 1994-இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ‘பெண்களும் கணிதமும்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். இருவரும் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பலே என்ற ஒரே பேராசிரியரிடம், எட்டு வருட இடைவெளியில் முனைவர் பட்டம் பெற்றவர்கள். நோத்தர் ரயிலேறி வந்த இடத்தில், அறுபது வருடம் கழித்து, பெண்கள் கூட்டமாக வந்து இறங்கினார்கள்.

என்ன செய்தார்கள்? உபதேசம் செய்யவில்லை. கணக்குச் செய்தார்கள். மே மாதத்தில் ஏறத்தாழ ஒரு வாரம். ஒவ்வொரு வருடமும் ஒரு தலைப்பு: ஒரு வருடம் வடிவியல், ஒரு வருடம் ரகசியக் குறியாக்கத்தின் கணிதம், ஒரு வருடம் இயந்திரக் கற்றலின் கணிதம். கடைசி இரண்டும் கணினிக்காரர்களின் வயல் என்பதைக் கவனியுங்கள்; இரண்டு துறைகளுக்கும் நடுவில் இருக்கிற வரப்பு அங்கே பெரிதாகத் தெரிவதில்லை. இரண்டு பாடத்தொடர்கள். இளநிலை மாணவிகளுக்கானதற்கு டெர்ங் பெயர், ஆராய்ச்சி மாணவிகளுக்கானதற்கு உலன்பெக் பெயர். விரிவுரை முடிந்ததும் கணக்குப் போடும் அமர்வு.

இதில் நுட்பம் ஆட்களை அடுக்கிய விதத்தில் இருக்கிறது. இளநிலை மாணவி, முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர், பட்டம் முடித்த இளம் ஆய்வாளர், மூத்த பேராசிரியர் என்று எல்லாப் படியிலும் ஆள் இருப்பார்கள். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு உலன்பெக்கைப் பார்த்தால் மலைப்புத்தான் வரும். அவரிடம் போய், “எனக்குத் தொகையீடே தகராறு” என்று சொல்ல நாக்கு எழாது. இரண்டு படி மேலே இருக்கிற அக்காவிடம் சொல்லலாம். அந்த அக்காவும் போன வருடம்தான் அதில் மாட்டிக்கொண்டு மீண்டிருப்பார். பிறகு எல்லோரும் மதியத் தேநீருக்குப் போவார்கள். அந்த நிறுவனத்தில் தினமும் மூன்று மணிக்குப் பொது அறையில் தேநீர் வைப்பது பழைய வழக்கம். யாரும் யாரிடமும் போய்ப் பேசலாம். கணிதத்தோடு கணிதமாக மற்றதையும் பேசினார்கள்: கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே ஊரில் வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வது, கைக்குழந்தையோடு ஆய்வேடு எழுதுவது எப்படி, கருத்தரங்கில் நம் பேச்சை ஒருவர் மறித்துக்கொண்டே இருந்தால் எப்படிச் சமாளிப்பது.

உங்கள் முன்மாதிரி யார் என்று கேட்டால் உலன்பெக் ஒரு கணித மேதையின் பெயரைச் சொன்னதில்லை. தொலைக்காட்சியில் சமையல் செய்துகாட்டிய ஜூலியா சைல்டைத்தான் சொல்வார். தரையில் விழுந்த வான்கோழியை எடுத்துப் பரிமாறத் தெரிந்தவர் ஜூலியா என்பது உலன்பெக் சொன்ன காரணம். மாணவிகளுக்குத் தேவை குறையில்லாத தேவதைகள் இல்லை, தடுமாறியும் எழுந்தும் வந்த மனிதர்கள் என்று உலன்பெக் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். சுவரில் மாட்டிய படத்துக்கும் மாடிப்படி அக்காவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

அதே 1994-இல் கணினி உலகத்திலும் இரண்டு காரியங்கள் நடந்தன. பெண் கணினியாளர்களுக்கான கிரேஸ் ஹாப்பர் மாநாட்டை அனிதா போர்க்கும் டெல்லி விட்னியும் வாஷிங்டனில் முதல்முறையாகக் கூட்டினார்கள். இளநிலை மாணவிகளை, கோடை விடுமுறையில் உதவித்தொகை கொடுத்து, வேறொரு பல்கலைக்கழகத்தின் பேராசிரியரோடு ஆராய்ச்சிக்கு அனுப்பும் திட்டம் ஒன்றும் அப்போதுதான் தொடங்கியது. அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் 1984-இல் 37 விழுக்காடு பெண்கள். பிறகு அது வளரவில்லை, சரிந்தது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 18 விழுக்காட்டுக்கு வந்து நின்றது. மருத்துவத்திலும் சட்டத்திலும் பெண்கள் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில்.

ஏன் என்று பிட்ஸ்பர்க்கின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் மாணவர்களை வருடக்கணக்கில் உட்கார்த்திவைத்துக் கேட்டார்கள். வீட்டுக்கு ஒரு கணினி வாங்கினால் அது பெரும்பாலும் மகனுடைய அறைக்குப் போயிருந்தது. பையன்கள் பத்து வயதிலிருந்து அதைப் பிரித்து மேய்ந்துவிட்டு வந்திருந்தார்கள். பெண்கள் கல்லூரிக்கு வந்துதான் தொட்டார்கள். முதல் மாதமே, ‘இவர்களைப் போல ராத்திரி பகலாக இதையே கனவு காணாத நான் இங்கே வந்தது தப்பு’ என்று நினைக்கத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகம் சேர்க்கையில் முன் அனுபவத்துக்குக் கொடுத்த எடையைக் குறைத்தது. தொடக்கப் பாடங்களை அனுபவத்துக்கு ஏற்பப் பிரித்தது. 1995-இல் 7 விழுக்காடாக இருந்த மாணவிகள் 2000-இல் 42 விழுக்காடு ஆனார்கள். எண்ணிக்கை ஏறினாலும் அவர்கள் நிலைக்க வேண்டுமே. கணிதவியலாளர் லெனோர் பிளம் 1999-இல் அங்கே வந்து சேர்ந்து மாணவிகளுக்கென்று ஓர் அமைப்பை உருவாக்கினார். மூத்த மாணவி ஒருத்தியையும் புதிதாக வந்தவள் ஒருத்தியையும் அதில் இணைத்துவிடுவார்கள். அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் நம் வீட்டுப் பெயர்தான்: அக்கா - தங்கை.

இந்தத் திட்டங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது ‘எட்ஜ்’. 1998-இல் இரண்டு பேராசிரியைகள் தொடங்கியது. ஒருவர் ரோண்டா ஹியூஸ். நோத்தரின் பிரின் மார் கல்லூரியில் பணியாற்றியவர். மற்றவர் சில்வியா போஸ்மன். அட்லாண்டா நகரில் கருப்பினப் பெண்களுக்காக உருவான ஸ்பெல்மன் கல்லூரியைச் சேர்ந்தவர். அவர்கள் கவனித்தது ஒன்றே ஒன்று. சிறிய கல்லூரிகளில் முதலாவதாகத் தேறிய பெண்கள் பெரிய பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்டத்துக்குப் போகிறார்கள். முதல் வருடத்தோடு திரும்பிவிடுகிறார்கள். வீழ்த்துவது அந்த முதல் வருடம். எனவே அதற்கு முந்தைய கோடையைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டம் முடித்து, ஆராய்ச்சிக்குப் போகவிருக்கும் பெண்களை நான்கு வாரம் ஒன்றாகத் தங்கவைத்து, பகுப்பாய்வும் இயற்கணிதமும் முதல் வருடத்து வேகத்திலேயே நடத்தினார்கள். ராத்திரி கண்விழித்துச் சேர்ந்து கணக்குப் போடவைத்தார்கள். கருப்பினத்தவர், வெள்ளையர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் எல்லோரும் கலந்த கூட்டம்.

நான்கு வாரத்தோடு விட்டுவிடவில்லை. எந்த ஊருக்கு ஒரு பெண் படிக்கப் போகிறாளோ, அந்த வட்டாரத்திலேயே அவளுக்கு ஒரு மூத்தவரை ஏற்பாடு செய்தார்கள். தகுதித் தேர்வில் முதல்முறை தவறினால், ‘இதோடு முடிந்தது’ என்று பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால் போன் செய்ய ஓர் எண் இருந்தது. அந்த வரிசையில் வந்து முனைவர் பட்டம் பெற்ற பெண்கள் நூறு பேரைத் தாண்டிவிட்டார்கள். கணிதத்தின் உயரிய விருதான ஏபெல் பரிசு 2019-இல் உலன்பெக்குக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். 60 லட்சம் நார்வே குரோனரில் பாதியை, பெண்களைக் கணித ஆராய்ச்சிக்குக் கொண்டுவரும் அமைப்புகளுக்கே கொடுத்துவிட்டார். அதில் எட்ஜும் ஒன்று.

பெண்களுக்கென்று தனியாக எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கணிதம் படித்த பெண்களே கேட்பதுண்டு. அமெரிக்கக் கணிதக் கழகத்தின் முதல் பெண் தலைவரான ஜூலியா ராபின்சன், ‘முதல் பெண்’ என்று தன்னை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாது, தான் நிரூபித்த தேற்றங்களுக்காகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்பினார். அந்த விருப்பத்தை நான் முழு மனதோடு மதிக்கிறேன். ஆனால் தேற்றம் நிரூபிக்கிற வரை ஒருத்தி தாக்குப்பிடிக்க வேண்டும். ஆண்களுக்கும் இப்படித் தனி ஏற்பாடுகள் எப்போதும் இருந்தன. ஹில்ஸ்பெர்க்ஸ் மேசைக்கு யாரும் திட்டம் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வரிசையில் நம்மவர்களும் இருக்கிறார்கள். சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்த ராமன் பரிமளா, மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே இயற்கணிதத்தில் உலகறிந்தவரானார். 2010-இல் ஹைதராபாத்தில் நடந்த உலகக் கணிதவியலாளர் மாநாட்டின் பேரவையில் உரையாற்றினார். நோத்தர் 1932-இல் பேசிய அதே மாநாட்டின் மேடை. 2013-இல் நோத்தர் பெயரிலான சொற்பொழிவுக்கும் அவரைத்தான் அழைத்தார்கள். பெங்களூரில் பி.எஸ்ஸி. முடித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. படித்த ஒரு பெண் டாடா நிறுவனத்துக்கு வந்தார். அஞ்சல் வழி என்றால் வகுப்பும் இல்லை, டீக்கடை பெஞ்சும் இல்லை. தபாலில் வருகிற பாடக் கட்டு மட்டும்தான். அவர் பரிமளாவிடம் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் பெற்றார். அவர்தான் ஆர்.சுஜாதா, வளரும் நாடுகளின் இளம் கணிதவியலாளர்களுக்கான ராமானுஜன் பரிசை 2006-இல் பெற்ற முதல் இந்தியர்.

பரிமளா 2005-இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்துக்குப் போனார். எட்ஜைத் தொடங்கிய போஸ்மன் 1980-இல் முனைவர் பட்டம் பெற்றது அங்கேதான். அவருக்கு முன்னால் 1969-இல் அதே இடத்தில் பட்டம் பெற்றவர் எட்டா ஃபால்கனர். ஸ்பெல்மன் கல்லூரியில் போஸ்மனின் மூத்த சகா, தலைமுறைக் கணக்கில் மாணவிகளை அறிவியலுக்குத் திருப்பியவர். ஃபால்கனர் இளம் வயதில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1954-இல் முதுநிலைப் பட்டத்தோடு திரும்பிவிட்டவர். முனைவர் பட்டத்துக்கு மேலும் பதினைந்து வருடம் ஆயிற்று. எட்ஜ் பிடித்துக்கொண்டது இப்படித் திரும்பி வந்தவர்களின் அந்த வருடத்தைத்தான்.

ஃபால்கனரும் ஆஸ்டின் காபிக் கடைக்கு வெளியே நின்ற மலோன் மேய்ஸும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். டென்னசி மாநிலத்தின் ஃபிஸ்க் பல்கலைக்கழகம். அங்கே அவர்களுக்கு லீ லார்ச் என்ற வெள்ளையர் கணிதம் சொல்லிக்கொடுத்தார். நிறவெறியை எதிர்த்ததற்காக வேலைகளை இழந்த மனிதர். இன்னொரு ஆசிரியையும் இருந்தார். எவெலின் பாய்ட் கிரான்வில். 1949-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணித முனைவர் பட்டம் பெற்ற கருப்பினப் பெண். மருத்துவராகும் எண்ணத்தோடு ஃபிஸ்க்குக்கு வந்த மலோன் மேய்ஸ், அவரிடம் படித்த பிறகு கணிதத்துக்கு மாறினார். கிரான்வில் பிறகு ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்து, விண்கலங்களின் சுற்றுப்பாதையைக் கணிக்கும் நிரல்களை எழுதினார். 2023 ஜூனில், 99 வயதில் இறந்தார். ஃபிஸ்க்கில் அவர் பாடம் நடத்தியது 1950-லிருந்து 1952 வரை, இரண்டே வருடம்.